ஓடத் தெரிந்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்: கொழும்பிலிருந்து முயல்வது எப்படி

சுகததாச மைதானத்துக்குக் காலை ஐந்தரைக்கே வந்து ஓடுகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறையாவது என்னிடம் வந்து கேட்பார்: "அக்கா, நீங்கள் எப்படி அமெரிக்காவுக்குப் போனீர்கள்? யார் உங்களைக் கூப்பிட்டார்கள்?" யாரும் கூப்பிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளில் பலர் யாராவது வந்து பார்த்து அழைத்துப் போவார்கள் என்று உயர்தரம் முடியும்வரை காத்திருந்து, அப்புறம் காலம் போய்விட்டது என்று ஏதாவது ஒரு கம்பனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களில் என்னைவிட வேகமாக ஓடியவர்கள் இருக்கிறார்கள். என்னோடு பயிற்சி எடுத்த ஒருத்தி என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நான் போனேன், அவள் போகவில்லை. நான் பத்தாம் தரத்திலிருந்து எல்லாப் பெறுபேற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தேன், அவளிடம் கேட்டபோது காட்ட எதுவும் இல்லை, அவ்வளவுதான் நடந்தது. எனக்கு இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: வெள்ளவத்தையில் வளர்ந்தவள், 400 மீற்றர் தடைதாண்டல். 2018 ஆகஸ்டில் உயர்தரம் எழுதி, 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய், நான்கு வருடம் ஓடிப் படித்துவிட்டு வந்தேன். நட்சத்திர வீராங்கனை இல்லை. அகில இலங்கைப் பாடசாலைப் போட்டியில் இறுதிக்கு வந்திருக்கிறேன், பதக்கம் எடுத்ததில்லை. நடுத்தர நிலையில் உள்ள ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நிலையில்தானே இருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிய வழியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் உயரம் பாயப் பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கும் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் போனவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் எடுத்தவர். அவர் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து அந்த அணிக்காகவும் பாய்ந்தார், பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றார். இன்டர்நெட்டும் வட்ஸ்அப்பும் இல்லாத காலத்தில்.

முதலில், எங்கே தேடுவது

விளையாட்டுக்காகக் கல்விச் செலவின் பெரும்பகுதியைக் கொடுக்கும் நாடு என்றால் அது அமெரிக்காதான். பிரித்தானியாவில் லஃபரோ, பாத், டேரம், ஸ்டேர்லிங் போன்ற பல்கலைக்கழகங்கள் விளையாட்டில் பெயர் பெற்றவை, வசதிகளும் பயிற்சியும் மிக நன்றாக இருக்கும். ஆனால் அங்கே தரும் பணம் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். அவுஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். குடும்பத்தால் மீதியைக் கட்ட முடியும் என்றால் தாராளமாகப் பாருங்கள். முடியாதென்றால் அமெரிக்காவில் கவனம் வையுங்கள்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் மூன்று அமைப்புகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். என்.சி.ஏ.ஏ. பெரியது, சுமார் 1,100 பல்கலைக்கழகங்கள், அதில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று பிரிவு. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையவே கிடையாது, படிப்புக்கும் குடும்ப வசதிக்கும் ஏற்ற உதவி மட்டும் உண்டு. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் இருக்கும் ஐவி லீக் டிவிஷன் 1தான் என்றாலும் அங்கேயும் விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லை. அடுத்தது என்.ஏ.ஐ.ஏ., சிறிய பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளை விரும்பி எடுப்பவை. மூன்றாவது என்.ஜே.சி.ஏ.ஏ., இரண்டு வருடக் கல்லூரிகள். அங்கே இரண்டு வருடம் ஓடிவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், செலவும் குறைவு. நம் வீடுகளில் "அது என்ன கம்பஸ், பெயரே கேள்விப்படவில்லையே" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டாம். நான் போன டிவிஷன் 2 பல்கலைக்கழகத்தின் பெயரையும் எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை, எனக்குக் கிடைத்த படிப்பில் ஒரு குறையும் இல்லை.

டிவிஷன் 1 இப்போது முன்பைவிட இறுக்கம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் எத்தனை புலமைப்பரிசில் என்ற வரம்பு போய், அணியில் மொத்தம் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. மெய்வல்லுநருக்கு 45 பேர், டெனிஸுக்கு 10 பேர். இடம் எண்ணி வைத்திருப்பதால் கோச்மார் உடனே புள்ளி எடுத்துத் தரக்கூடிய பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். ஆகவே டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே பட்டியலில் வையுங்கள். மற்றதெல்லாம் கைவிட்டபின் போகிற இடமாக அவற்றை நினைக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் விளையாட்டு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மெய்வல்லுநர், நீச்சல், டெனிஸ், உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கோல்ஃப், பெண்கள் கரப்பந்தாட்டம் எல்லாம் உண்டு. ஆண்கள் கரப்பந்தாட்டம் உண்டு, ஆனால் அணிகள் குறைவு. ஹொக்கி பெண்களுக்கு மட்டும். கிரிக்கெட், வலைப்பந்தாட்டம், பூப்பந்தாட்டம், கரம் இவை எதுவும் என்.சி.ஏ.ஏ.வில் இல்லை. வலைப்பந்தாட்டத்தில் உயரமாக இருக்கும் தங்கச்சிமாரிடம் நான் சொல்வது, பதினாலு பதினைந்து வயதிலேயே கரப்பந்தாட்டத்தையும் உயரம் பாய்தலையும் ஒருமுறை முயன்று பாருங்கள் என்றுதான்.

கிரிக்கெட் பிள்ளைகளுக்கு பிரித்தானியா ஒரு வழி. லஃபரோ, டேரம், கார்டிஃப் போன்ற இடங்களில் பல்கலைக்கழகக் கிரிக்கெட் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பிரித்தானிய மாணவர் விசாவில் போனவர் தொழில்முறை வீரராகவோ பயிற்றுநராகவோ சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. படித்துக்கொண்டே வார இறுதியில் லீக் ஆடிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், விசாவே போய்விடும்.

காலக் கணக்கு, இதில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். அம்மா அப்பாமாரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வகுப்பு ஆகஸ்டில் தொடங்கும். நம் உயர்தரமோ முன்பு ஆகஸ்டில் இருந்தது, கொவிட்டுக்குப் பிறகு குழம்பிப் போய் 2022க்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் நடந்தது, 2024க்குரியது நவம்பரில் நடந்தது. பெறுபேறு வர இன்னும் சில மாதங்கள். இதற்கிடையில் டிவிஷன் 1இன் விதி என்ன சொல்கிறது என்றால், பள்ளிப் படிப்பு முடிந்தபின் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு வருடம், டெனிஸுக்கு ஆறு மாதம்தான் அவகாசம். அதைத் தாண்டியும் ஒழுங்கமைத்த போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், ஆடக் கிடைக்கும் நான்கு பருவங்களில் ஒன்றை இழக்க நேரும், முதல் வருடம் போட்டியில்லாமல் உட்காரவும் நேரும். நம் ஊரில் உயர்தரத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று எழுதிக்கொண்டே தேசியப் போட்டிகளிலும் ஓடுவது சர்வசாதாரணம். அந்தக் காலமெல்லாம் கணக்கில் விழும்.

இன்னொரு பொறி, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெறுபேறு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று கொழும்பில் ஏதாவது ஒரு தனியார் கம்பஸில் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். உலகத்தில் எங்கே முழுநேரமாக உயர்கல்வியில் பதிந்தாலும் டிவிஷன் 1இன் ஐந்து வருடக் கடிகாரம் அன்றைக்கே ஓடத் தொடங்கும், நீங்கள் புதிய மாணவர் என்ற நிலை போய் இடம் மாறி வரும் மாணவர் ஆகிவிடுவீர்கள். காத்திருக்கும் காலத்தில் ஆங்கிலம் படியுங்கள், பகுதிநேரமாக ஒரு கணினிப் பாடம் செய்யுங்கள், முழுநேரமாக எங்கேயும் பதிய வேண்டாம். இந்த விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் என்.சி.ஏ.ஏ. தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளமும் இதே போல. நன்றாக ஓடும் பிள்ளையை இராணுவமோ, விமானப்படையோ, மேர்கன்டைல் போட்டியில் ஆட ஒரு கம்பனியோ எடுத்துக்கொள்ளும். குடும்பக் கஷ்டத்தில் அந்தச் சம்பளம் பெரிய விஷயம், எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விளையாடுவதற்காகச் சம்பளம் வாங்கியதாகப் பதிவு வந்தால், நீங்கள் தொழில்முறை வீரரா என்ற கேள்வி வரும். கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்.

ஆகவே தொடங்க வேண்டிய நேரம் பத்தாம் தரம். சாதாரண தரம் எழுதும்போதே நீங்கள் இந்த வழியில் இருக்கிறீர்கள், ஏனென்றால் என்.சி.ஏ.ஏ. ஒன்பதாம் தரத்திலிருந்து படித்த பாடங்களைப் பார்க்கும். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் மொத்தம் 16 அடிப்படைப் பாட அலகுகள் வேண்டும், மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி மாதிரியானவை. அவற்றின் சராசரி, 4.0தான் உச்சம் என்ற அளவில், டிவிஷன் 1க்கு 2.3, டிவிஷன் 2க்கு 2.2 இருக்க வேண்டும். சங்கீதம், நடனம், சித்திரம் இதில் சேராது. "ஸ்போர்ட்ஸ் பிள்ளைதானே, கணக்கில் எஸ் வந்தால் போதும்" என்று சொல்லும் ஆசிரியர்மார் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நல்ல பெறுபேறு இருந்தால் விளையாட்டுக்குக் கிடைக்கும் பணத்தின் மேல் படிப்புக்கும் பணம் சேரும், எனக்கு அப்படித்தான் சேர்ந்தது. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் புள்ளி 2023 முதல் என்.சி.ஏ.ஏ. தகுதிக்குத் தேவையில்லை, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கோ கல்விப் புலமைப்பரிசிலுக்கோ கேட்கும்.

உங்கள் நேரத்தை நம்ப வைப்பது

கோச் பார்ப்பது ஒரு இலக்கம். அந்த இலக்கத்தை அவர் நம்ப வேண்டும்.

வலயப் போட்டியில் பெரும்பாலும் நிறுத்தற் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரம்தான். 100, 200 மீற்றருக்குக் கை நேரத்தோடு 0.24 விநாடியும், 400 மீற்றருக்கு 0.14 விநாடியும் கூட்டித்தான் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். என்னுடைய மாகாணப் போட்டி நேரம் கை நேரத்தில் 62.9. அகில இலங்கையில் மின்னணு நேரம் 63.41. எனக்கு 62.9ஐ எழுதத்தான் ஆசை, ஆனால் எங்கள் சேர் 63.41ஐ முதலில் எழுது, மற்றதைக் கீழே கை நேரம் என்று குறித்துவிடு என்றார். பின்னால் என்னை எடுத்த கோச் சொன்னார், கை நேரத்தை மறைக்காமல் எழுதியிருந்ததால்தான் பதில் போட்டாராம். நீளம் பாய்தலும் 100, 200 மீற்றரும் என்றால் காற்றின் அளவையும் சேர்த்து எழுதுங்கள், 2.0க்கு மேல் என்றால் அதையும் அப்படியே. நீந்துகிறவர்கள் கவனிக்க: அமெரிக்கக் கல்லூரிகள் 25 யார்ட் (கெஜம்) குளத்தில் நீந்துகின்றன, உங்கள் 50 மீற்றர் குள நேரத்தை யார்ட் கணக்குக்கு மாற்றிப் பார்த்தபின்தான் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். டெனிஸ் என்றால் யு.டி.ஆர். என்ற தரப் புள்ளி இல்லாமல் யாரும் பேசமாட்டார்கள்.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அதிகாரபூர்வப் பெறுபேற்றுத் தாளை அன்றைக்கே போனில் படம் எடுங்கள். பிறகு கேட்டுப் பெறுவது மிகவும் கஷ்டம். ஒரு போட்டியின் தாளுக்காக நான் மூன்று மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன், கடைசிவரை கிடைக்கவில்லை.

வீடியோ ஒன்றும் வேண்டும். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு எடுப்பதெல்லாம் வேண்டாம். பார்வையாளர் மேடையின் உயரத்திலிருந்து முழு ஓட்டத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே வெட்டில், போனைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள், எந்த லேன் என்று எழுத்தில் போடுங்கள். தடைதாண்டல் என்றால் பக்கவாட்டிலிருந்து இரண்டு தடையைக் கடப்பதை மெதுவாகக் காட்டும் ஒரு துண்டு. மொத்தம் மூன்று நிமிடத்துக்குள்.

இனி, எந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்கக் கல்லூரி மெய்வல்லுநர் பெறுபேறு எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு கொன்ஃபரன்ஸில் இருக்கும், அதாவது தமக்குள் போட்டியிடும் பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் குழு. அந்தக் கொன்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் எட்டாவது வந்தவரின் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் எட்டாம் இடம்வரை புள்ளி உண்டு. உங்கள் நேரம் அதற்கு முன்னால் இருந்தால் அந்தக் கோச்சுக்கு நீங்கள் தேவை, இல்லையென்றால் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பணம் தரமாட்டார். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு அறுபது எழுபது பல்கலைக்கழகங்களை இப்படி எழுதி வைத்தேன். அணியில் இறுதி வருடத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தடைதாண்டுகிற இரண்டு பேர் அடுத்த வருடம் பட்டம் பெற்றுப் போகிறார்கள் என்றால் அங்கே இடம் காலியாகப் போகிறது.

மின்னஞ்சல்

கோச்மாரின் முகவரி பல்கலைக்கழக விளையாட்டுத் தளத்தில் வெளிப்படையாக இருக்கும். தலைமைக் கோச்சுக்கு மட்டும் எழுதாமல், உங்கள் நிகழ்ச்சிக்குரிய உதவிக் கோச்சுக்கும் எழுதுங்கள். தலைப்பிலேயே எல்லாம் இருக்க வேண்டும்: நிகழ்ச்சி, நேரம், நாடு, எந்த ஆண்டு வருவீர்கள். உள்ளே நான் எழுதியது, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"நான் இலங்கை, கொழும்பு. 400 மீற்றர் தடைதாண்டல் 63.41 மின்னணு நேரம், 400 மீற்றர் 57.9 கை நேரம். 2019 ஆகஸ்டில் சேர முடியும். சாதாரண தரப் பெறுபேறு இணைத்திருக்கிறேன், உயர்தரம் ஆகஸ்டில். உங்கள் கொன்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி நேரங்களைப் பார்த்தேன், என்னால் புள்ளி எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு டொலர் கட்ட முடியும். வீடியோ இணைப்பு கீழே."

பணத்தைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதலாமா என்று சங்கடப்படுவார்கள். எழுதலாம். அது கோச்சுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். நான் 71 பேருக்கு எழுதினேன், 19 பதில் வந்தது, உருப்படியான ஒஃபர் மூன்று. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து, புதிய நேரம் ஏதாவது இருந்தால் அதோடு இன்னொரு தடவை எழுதுங்கள். டிவிஷன் 1இல் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, அமெரிக்கக் கணக்கில் பத்தாம் தரம் முடிந்த ஆண்டின் ஜூன் 15க்கு முன் கோச் உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்ற விதி இருக்கிறது, அதற்கு முன் மௌனமாக இருந்தால் மனம் உடைய வேண்டாம்.

வீடியோ அழைப்பில் பேசும்போது அம்மா அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம், ஆனால் நீங்கள்தான் பேச வேண்டும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை. தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மிகவும் பயப்படுகிறார்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நான் பதில்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். அணியில் எத்தனை வெளிநாட்டுப் பிள்ளைகள், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, புலமைப்பரிசில் எத்தனை வருடத்துக்கு, இந்த மூன்றையும் நீங்களே கேளுங்கள்.

ஒஃபரைக் கணக்குப் போடுவது

எனக்கு வந்த ஒஃபரை அப்படியே சொல்கிறேன். ஒரு வருடத்து முழுச் செலவு, அதாவது கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், காப்புறுதி எல்லாம் சேர்த்து 31,000 டொலர். விளையாட்டுக்கு 11,000. கல்விப் பெறுபேற்றுக்கு 9,000. வெளிநாட்டு மாணவர் கழிவு 5,000. மீதி 6,000 நாங்கள். 2019இல் டொலர் 180 ரூபாய் அளவில் இருந்தது, அப்போது அது கிட்டத்தட்ட பதினொரு லட்சம். ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதும் அப்பாவுக்கு அது சின்னத் தொகை இல்லை, மாமாவும் பெரியம்மாவும் கைகொடுத்தார்கள். 2022இல் டொலர் 360ஐத் தொட்டது. அதே 6,000 இருபத்தொரு லட்சத்துக்கு மேல் போய் நின்றது. நான் கோச்சின் அறைக்குப் போய் இருக்கிற நிலைமையை மறைக்காமல் சொன்னேன். கடைசி வருடத்துக்கு 3,000 கூட்டித் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் படிப்பை நிறுத்திவிட்டுத்தான் வந்திருப்பேன். ஆகவே பகுதிப் புலமைப்பரிசில் எடுக்கும் குடும்பம், ரூபாய் இன்னும் விழுந்தாலும் தாங்குமா என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

முழுப் புலமைப்பரிசில் என்ற சொல்லைக் கேட்டதும் துள்ள வேண்டாம், எழுத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். பல ஒஃபர்கள் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படுபவை. விமான டிக்கெட் பொதுவாக உங்கள் செலவு. இன்னொன்று, எனக்கே அங்கே போன பிறகுதான் தெரிந்தது: தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று வரும் புலமைப்பரிசில் பகுதிக்கு வெளிநாட்டு மாணவரிடமிருந்து 14 வீத வரி பிடிப்பார்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரும் பகுதிக்கு இல்லை. அந்த 14 வீதத்துக்கும் கையில் காசு வைத்திருங்கள்.

ஏஜென்ட். கொழும்பில் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறேன், கிடைக்கும் தொகையில் பத்து வீதம் எனக்கு என்றார். அம்மா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். நல்ல வேளை, கொள்ளுப்பிட்டியில் இருக்கும் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனைப் பிரிவில் முதலில் விசாரித்தோம். கிடைக்கும் புலமைப்பரிசிலில் பங்கு கேட்பவரை என்.சி.ஏ.ஏ. ஏஜென்ட் என்று எடுத்துக்கொள்ளும், பிள்ளையின் தகுதியே போகலாம். புலமைப்பரிசில் தொகையைச் சாராமல் ஒரே அளவான சேவைக் கட்டணம் வாங்கினால் அது வேறு விஷயம், ஆனால் அதற்கும் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் செய்வது மின்னஞ்சல் அனுப்புவதுதான், கோச்மாருக்குப் பிள்ளையே எழுதிய கடிதம்தான் பிடிக்கும்.

காகிதங்கள்

சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றின் ஆங்கிலச் சான்றிதழைப் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து எடுங்கள். ஒன்பதாம் தரத்திலிருந்து தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதிபரின் கடிதத் தாளில், ஆங்கிலத்தில், முத்திரையோடு வாங்குங்கள். பள்ளிக்கூடம் இழுத்தடிக்கும், நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய தலையிடி: பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், பெறுபேற்றில் ஓர் எழுத்து வித்தியாசம். பத்தாம் தரத்திலேயே திருத்தத் தொடங்குங்கள்.

என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் முதலில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம், டிவிஷன் 1 அல்லது 2 என்று உறுதியாகும்போது கட்டணம் கட்டிப் பதியலாம். என்.ஏ.ஐ.ஏ.வுக்குத் தனி மையம். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டுவோலிங்கோ, பல்கலைக்கழகம் எதை ஏற்கிறதோ அது.

அனுமதி கிடைத்ததும் பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவம் அனுப்பும், அதற்கு முதல் வருட மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு செவிஸ் (வெளிநாட்டு மாணவரைப் பதியும் அமெரிக்க அரச அமைப்பு) கட்டணம் 350 டொலர், டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டொலர், காலி வீதியிலுள்ள தூதரகத்தில் நேர்முகம். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். நேர்முகத்தில் என்னிடம் கேட்டது, என்ன படிக்கப் போகிறாய், யார் பணம் கட்டுவது, முடிந்தபின் என்ன செய்வாய். படிப்பைப் பற்றி முதலில் பேசுங்கள், ஓட்டத்தைப் பிறகு. நீங்கள் மாணவர் விசாவில் போகிறீர்கள்.

அங்கே போனபின்

ஒரு தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாட அலகு) படிக்க வேண்டும், விசாவுக்கும் அதுதான், அணிக்கும் அதுதான். பயிற்சி வாரம் 20 மணித்தியாலம் என்பது விதி, பஸ் பயணத்தையும் காயத்துக்கான சிகிச்சையையும் சேர்த்தால் இன்னும் கூட வரும். கம்பஸுக்குள் வாரம் 20 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம், நான் நூலகத்தில் செய்தேன். வெளியே கூடாது. உடன் ஓடும் அமெரிக்கப் பிள்ளைகள் விளம்பரத்தில் தோன்றிக் காசு எடுப்பார்கள், மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது. இங்கிருந்து கொண்டுபோகும் மருந்து, சத்துமா, எதையும் அணியின் மருத்துவரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம், ஊக்கமருந்துச் சோதனை அங்கே எப்போதும் வரலாம்.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதைவிடக் கஷ்டமானது செப்டெம்பர் மாதம். ஊரில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் நமக்குப் பகல், பேச ஆள் இருக்காது, சாப்பாட்டு மண்டபத்தில் சோறு இருந்தாலும் அது சோறு மாதிரி இருக்காது. எனக்கு முதல் ஆறு வாரம் ஓட்ட நேரம் மோசமாகிக்கொண்டே போனது. அணியில் இருந்த ஒரு கென்யப் பெண், இரண்டு வருடம் மூத்தவள், தினமும் என் அறைக் கதவைத் தட்டிக் காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனாள். அதனால்தான் சொல்கிறேன், வேறு வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கும் அணியைத் தெரிவு செய்யுங்கள், அதற்காக ஓராயிரம் டொலர் குறைந்தாலும் பரவாயில்லை.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாமாருக்கு: என் அம்மாவும் கேட்டார். கோச்சை வீடியோவில் அம்மாவோடு பேச வைத்தேன், நான் மொழிபெயர்த்தேன், அறையில் யார் இருப்பார்கள், இரவில் பயிற்சி முடிந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். கோச் பொறுமையாகப் பதில் சொன்னார். பதில் சொல்லப் பொறுமை இல்லாத கோச்சிடம் அனுப்ப வேண்டாம்.

கட்டுநாயக்கவில் பெட்டி போடும்போது ஸ்பைக்ஸையும், சான்றிதழ் ஃபைலையும், ஐ-20ஐயும் கைப்பையில் வையுங்கள். ஸ்பைக்ஸின் ஆணிகளை மட்டும் கழற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள்.